கொல்லை மரத்துக்கு விடை கொடுத்தல்

திருக்காளத்தி எனத் தமிழ் நூல்கள் போற்றும் காளஹஸ்தி, பொன்முகலி ஆற்றின் கரையில் மலையடிவாரத்தில் அமைந்த பழம்பதி. சம்பந்தரும் அப்பரும் சுந்தரரும் பாடிய தலம் அது. கண்ணப்பர் தம் கண்ணைப் பெயர்த்து அப்பிய அன்பை நினைவூட்டும் மலையும் அங்கே நிற்கிறது. கோயிற் சுவர்களில் சோழர் காலத்துத் தமிழ்க் கல்வெட்டுக்கள் இன்றும் உள்ளன. ஐம்பூதத் தலங்களுள் காற்றுக்குரிய தலமாக அதனை நம் முன்னோர் வகுத்தனர்.

இவ்வூர் 1911 வரை வடஆர்க்காடு மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. அவ்வாண்டு சித்தூர் மாவட்டம் அமைந்தபொழுது அதனுள் அடங்கிற்று. 1953 அக்டோபர் முதல் நாளில் ஆந்திர மாநிலமும், 1956 நவம்பர் முதல் நாளில் ஆந்திரப் பிரதேசமும் தோன்றின. 1960 ஏப்ரல் முதல் நாளில் எல்லைகள் திருத்தப்பட்டுத் திருத்தணி சென்னை மாநிலத்துக்கு வந்தது. காளஹஸ்தியோ ஆந்திரத்திலேயே நின்றது. 2022 ஏப்ரலில் அது புதிய திருப்பதி மாவட்டத்தின் பகுதியாயிற்று. இங்ஙனம், வீட்டைவிட்டு ஓரடியும் பெயராமலே பிற மாநிலத்தவராகிவிட்ட தமிழ்க் குடும்பங்கள் அவ்வட்டாரத்தில் பல உண்டு. எல்லைக்கோடு அவர்களைக் கடந்து சென்றது. கொல்லையில் நின்ற புளியும் வேம்பும் மட்டும் நின்ற இடத்திலேயே நின்றன.

பாட்டனார் நட்ட அந்த மரங்களுக்கும் ஒரு முடிவு உண்டு. பம்பாய், கல்கத்தா, தில்லி, பெங்களூர் என்று நாம் பிரிந்து வாழ்கின்றோம். ஊரிலிருந்து ஒரு நாள் செய்தி வருகிறது: ‘கொல்லைப் புளி பட்டுவருகிறது, கிளைகள் காய்கின்றன, மழைக்காலம் வருமுன் ஏதேனும் செய்ய வேண்டும்.’ உடன்பிறந்தார் நால்வர் நான்கு ஊர்களில் இருப்பர். ஒருவர் வெட்டலாம் என்பார். ஒருவர் தந்தையார் கைபட்ட மரம், தொடக்கூடாது என்பார். மற்ற இருவர் அடுத்த விடுமுறையில் வந்து பார்ப்போம் என்பர். விடுமுறை பல கழியும். மரம் காத்திருப்பதில்லை. இத்தகைய மரத்துக்கு நாம் செய்ய வேண்டுவது யாது, நம் முன்னோர் என்ன செய்தனர் என்பதே இப்பேச்சின் பொருள்.

மரத்தை வெட்டக் கை கூசுவது நம்மிடம் இன்று நேற்று வந்த வழக்கமன்று. நற்றிணையில் ஒரு காட்சி வருகிறது. சிறுமியர் விளையாட்டாக வெண்மணலில் அழுத்திய புன்னை விதை ஒன்று, அவர்கள் மறந்துவிட்டபின் முளைத்தது; நெய்யும் பாலும் பெய்து அதனை வளர்த்தனர். அம்மரம் உனக்குத் தங்கை முறையாகும், உன்னைக் காட்டிலும் சிறந்தவள் என்று தாய் தன் மகளுக்குச் சொல்லிவைத்தாள். அதனால் அம்மரத்தின் நிழலில் காதலனோடு நகைத்து விளையாடவும் தலைவிக்கு நாணம் வந்ததாம். கொல்லை மரம் குடும்பத்தில் ஒருவர் என்ற எண்ணத்துக்கு இதனினும் அழகிய சான்று வேண்டுவதில்லை.

வீட்டுக்கு ஒரு மரம் போல நாட்டுக்கும் ஒரு மரம் இருந்தது. மன்னர் ஒவ்வொருவரும் காவல்மரம் ஒன்றைப் பேணினர். பகைவர் அதனை வெட்டினால் நாடே தோற்றதாகப் பொருள். மோகூர்ப் பழையனின் காவல் வேம்பைச் சேரன் செங்குட்டுவன் வெட்டி வீழ்த்தி, முரசு செய்வதற்காக யானைகளைக் கொண்டு இழுத்துச் சென்றான் என்பது பதிற்றுப்பத்து தரும் செய்தி. நன்னன் என்ற மன்னனோ தன் காவல் மாமரத்தினின்று ஆற்றில் வீழ்ந்து மிதந்துவந்த கனியைத் தின்ற ஒரு பெண்ணைக் கொல்வித்தான்; அவள் எடைக்கு எடை பொற்பாவையும் எண்பத்தொரு யானைகளும் தருவதாக உறவினர் கூறியும் அவன் இசையவில்லை. பின்னர் அந்த மாமரம் கோசரால் வெட்டப்பட்டது. நன்னனோ பெண்கொலை புரிந்தவன் என்ற பழியோடு இலக்கியத்தில் நிலைத்துவிட்டான். புலவர்கள் மரத்தைப் போற்றியவர்கள்தாம்; ஆயினும் மரத்தின் பொருட்டு ஒரு மனித உயிரைப் பலியிட்டவனை அவர்கள் மன்னிக்கவில்லை. இதனை நாம் நினைவில் இருத்துவோமாக. இப்பேச்சின் முடிவில் இது நமக்குப் பயன்படும்.

மரத்தைப் போற்றிய அதே மரபு, மரத்தை முறையோடு இறக்குவது எப்படி என்பதையும் வகுத்து வைத்திருந்தது. ஆறாம் நூற்றாண்டில் வாழ்ந்த வராகமிகிரர் தம் பிருகத் சங்கிதையில் இதற்கெனவே ஒரு பகுதி எழுதினார். தெய்வத் திருமேனி முதலியவற்றுக்காக மரம் வெட்டச் செல்வோர், முதல்நாள் இரவில் மரத்துக்குப் பூசையிட்டுப் படையல் வைக்க வேண்டும். இம்மரத்தில் குடியிருக்கும் உயிர்களே, வணக்கம், இப்படையலை ஏற்று வேறிடம் செல்க என்று வேண்டிக்கொள்ள வேண்டும். மறுநாட் காலையில் நீர் தெளித்து, தேனும் நெய்யும் பூசிய கோடரியால் முதல் வெட்டு வெட்ட வேண்டும். நம் நாட்டுப்புறங்களில் வெட்டும் முன் மஞ்சள் குங்குமம் இட்டுத் தேங்காய் உடைக்கும் வழக்கம் இம்மரபைச் சேர்ந்ததே. இதனை மூடநம்பிக்கை என்று சிலர் தள்ளிவிடுவர். ஆனால் அதிலுள்ள நடைமுறை அறிவைப் பாருங்கள்: ஓரிரவு பொறுத்திருத்தலால் சினத்தில் வெட்டும் அவசரம் தணிகிறது, பொந்தில் கிளியோ ஆந்தையோ குடியிருக்கிறதா, கிளையில் தேனடை உளதா என்று பார்க்க நேரம் கிடைக்கிறது.

வெட்டுதற்கு முன் மருந்து என்பதும் நம் மரபே. சுமார் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் சுரபாலர் என்பார் விருட்சாயுர்வேதம் என்னும் வடமொழி நூலை இயற்றினார். மனிதரைப் போலவே மரங்களுக்கும் வாதம், பித்தம், கபம் ஆகியவற்றால் நோய் வரும் என்று கூறி, ஒவ்வொன்றுக்கும் மருந்தும் வகுத்தவர் அவர். அந்நூலின் ஏட்டுப்பிரதி ஆக்ஸ்போர்டு நகரத்து நூலகத்தில் இருந்தது. 1996-இல்தான் ஆங்கில மொழிபெயர்ப்போடு நம் நாட்டில் அச்சேறியது. அவர் கூறிய மருந்துகள் எல்லாம் பலிக்குமா என்பது வேறு வினா. முதலில் நோயறிந்து, பின்னர் மருந்து செய்து, அதுவும் பயன்படாதபொழுதே விடை கொடுத்தல் என்னும் முறைமை என்றும் சரியானதே.

எனவே நோயறிவதிலிருந்து நாம் தொடங்குவோம். மரம் செத்துவிட்டதா, அன்றித் தளர்ந்துதான் இருக்கிறதா என்று அறிவது எளிதன்று. அடிமரம் பொந்தாகிவிட்டால் மரம் செத்ததென்று பலர் எண்ணுவர். அது பிழை. மரத்தின் நடுவிலுள்ள வைரம் உயிரற்ற பகுதியே. மெல்லிய வளர்படலத்துக்கு வெளியே உள்ள உட்பட்டையும் அதற்கு உள்ளே உள்ள வெண்மரமுமே முறையே உணவையும் நீரையும் கொண்டுசெல்கின்றன. நடுப்பகுதி முழுதும் உளுத்துப்போன புளியமரம் பல்லாண்டு காய்ப்பதை நாம் கண்டதுண்டு. சிறு கிளையின் பட்டையை நகத்தால் கீறிப் பார்த்தால் உள்ளே பசுமை தெரியும். தெரிந்தால் அக்கிளை உயிரோடிருக்கிறது என்பது பொருள்.

இதற்கு அண்மைக்காலச் சான்றும் உண்டு. 2021-ஆம் ஆண்டில் தெலங்கானாவிலும் அதனை அடுத்த மாநிலங்களிலும் வேப்பமரங்கள் நுனியிலிருந்து கருகத் தொடங்கின. தீயில் வாட்டியது போல மரம் முழுதும் பழுப்பேறி நின்ற காட்சியைக் கண்டு, வேம்பே அழிந்துவிடும் என மக்கள் அஞ்சினர். பூஞ்சை ஒன்று இளங்கிளைகளைக் கருக்கும் நுனிக்கருகல் நோய் அது. சாறுறிஞ்சும் பூச்சியும் அதற்குத் துணை நின்றது. ஆனால் அடுத்த இளவேனிலில் அவற்றுள் பல மரங்கள் மீண்டும் தளிர்த்தன. அஞ்சி வெட்டியவர்கள் உயிரோடிருந்த மரத்தை இழந்தனர். ஓராண்டு பொறுத்தவர்களுக்கு நிழல் திரும்பக் கிடைத்தது. ஆதலின் இலை உதிர்ந்தது என்பதற்காக மட்டும் கோடரி எடுத்தல் ஆகாது.

அங்ஙனமாயின் அஞ்ச வேண்டிய அறிகுறிகள் எவை? அடிமரத்திலும் வேர்மூட்டிலும் தட்டுத்தட்டாகக் காளான் முளைத்தல் முதலாவது. உள்ளே வேர் அழுகுகிறது என்பதற்கு அது சான்று. மரம் புதிதாக ஒருபுறம் சாய்தலும், சாய்ந்ததற்கு எதிர்ப்புறத்தில் தரை வெடித்து மண் மேலெழும்புதலும் இரண்டாவது. பெருங்கிளைகள் கவைக்கும் இடத்தில் நீளமாகப் பிளவு காணுதல் மூன்றாவது. காற்றில்லாத நாளிலும் பெருங்கிளை ஒடிந்து விழுதல் நான்காவது. கரையானைக் கண்டு மட்டும் கலங்க வேண்டுவதில்லை. அது பெரும்பாலும் செத்த பட்டையையும் செத்த கட்டையையுமே தின்கிறது. ஆனால் உயிரோடிருக்கும் மரத்தில் எவ்வளவு பகுதி செத்துவிட்டது என்பதை அது நமக்குக் காட்டிக் கொடுக்கும்.

மரம் ஏன் இந்நிலைக்கு வருகிறது? முதுமை ஒரு காரணம். பெரும்பாலும் நம் கையே மற்றொரு காரணம். மரத்தின் வேர்கள் ஆழத்தில் மட்டும் ஓடுவன என்பது தவறான எண்ணம். நீரும் உணவும் உறிஞ்சும் வேர்களில் பெரும்பகுதி மேல்மண்ணில் இரண்டு மூன்று அடிக்குள்ளேயே பரவிக் கிடக்கிறது. கிளை நிழலுக்கு அப்பாலும் செல்கிறது. புதிய அறை எழுப்ப அடித்தளம் தோண்டும்பொழுது நாம் வெட்டும் வேர், முற்றம் முழுதும் சிமெண்டு பூசும்பொழுது மூச்சடைக்கும் வேர், தரையை உயர்த்த மண் கொட்டும்பொழுது புதையும் வேர் ஆகிய இவையெல்லாம் உடனே மரத்தைக் கொல்வதில்லை. ஐந்தாறு ஆண்டுகள் கழித்தே உச்சிக்கிளை காயத் தொடங்கும். அப்பொழுது பழைய கட்டட வேலையை எவரும் நினைப்பதில்லை. மரத்துக்கு வயதாகிவிட்டது என்று சொல்லி அமைவர்.

பெரியதொன்று விழுமுன் அறிகுறி காட்டும் என்பதைக் காளஹஸ்தி மக்கள் மறக்க மாட்டார்கள். கிருஷ்ணதேவராயர் 1516-இல் எழுப்பிய ஏழுநிலை இராசகோபுரம் ஏறத்தாழ ஐந்நூறு ஆண்டுகள் அவ்வூரின் அடையாளமாக நின்றது. அதில் பிளவுகள் தோன்றின. பின் அவை விரிந்தன. ஆபத்தை உணர்ந்து சுற்றியிருந்தோரை வெளியேற்றினர். 2010 மே 26 அன்று அக்கோபுரம் சரிந்து மண்மேடாயிற்று. அடியில் உறங்கியிருக்கக் கூடிய பலர் அவ்வெச்சரிக்கையால் உயிர் பிழைத்தனர். அவ்விடத்தில் புதிய கோபுரம் எழுந்து 2017-இல் குடமுழுக்கு நடந்தது. அரசர் கட்டிய கோபுரமாயினும், விரிசலைக் கண்டபின் அதன் நிழலில் மக்களை இருத்துதல் பக்தியாகாது என்பதை அன்று ஊரே ஒப்பியது. கொல்லைப் புளிக்கும் அந்நியாயமே பொருந்தும்.

இனி, நம் நாட்டின் மூன்று புகழ்பெற்ற மரங்களின் வரலாற்றைக் காண்போம். மூன்றும் நம்மவர் வாழும் ஊர்களிலோ அவற்றுக்கு அருகிலோ இருப்பன. மூன்றும் மூன்று வெவ்வேறு பாடம் புகட்டுவன.

முதலாவது புத்தகயைப் போதிமரம். 1811-இல் புக்கானன் என்ற ஸ்காட்லாந்து ஆய்வாளர் கண்டபொழுது அங்கிருந்த அரசு செழித்து நின்றது. 1862-இல் தொல்பொருள் அறிஞர் கன்னிங்காம் கண்டபொழுதோ அது மிகவும் சிதைந்திருந்தது. 1876-இல் வீசிய புயலில் எஞ்சிய பகுதியும் சாய்ந்தது. ஆயினும் அதனால் போதிமரத்தின் வழி அறுந்துவிடவில்லை. அதற்கு முன்பே விதைகள் சேகரிக்கப்பட்டு, இளங்கன்றுகள் வளர்ந்து ஆயத்தமாக இருந்தன. இன்று உலகம் வணங்கும் மரம் அவ்வழியில் வந்ததே. தாய்மரம் சாயுமுன் வாரிசு முளைத்திருக்க வேண்டும் என்பது இதன் பாடம்.

இரண்டாவது கல்கத்தாவுக்கு எதிர்க்கரையில், ஹௌராவின் சிவபூர்த் தாவரத் தோட்டத்திலுள்ள பெரிய ஆலமரம். 1864-இலும் 1867-இலும் வீசிய புயல்களில் அதன் பெருங்கிளைகள் முறிந்தன. முறிந்த வாய் வழியே பூஞ்சை புகுந்து அடிமரத்தை உளுக்கச் செய்தது. ஏறத்தாழ ஐம்பதடி சுற்றளவுள்ள அந்தத் தாயடியை வைத்திருந்தால் நோய் மரம் முழுதும் பரவும் எனக் கண்டு, 1925-இல் அதனை வெட்டி அகற்றினர். நடுமரம் போனது; விழுதுகள் மரத்தைத் தாங்கின. இன்று ஆயிரக்கணக்கான விழுதுகளோடு பல ஏக்கர் பரப்பில் ஒரு காடு போல அது நிற்கிறது. அன்று அடிமரத்தை அகற்றத் தயங்கியிருந்தால் மரம் முழுதையும் இழந்திருக்கக் கூடும். கல்கத்தாவில் வாழும் நம் நேயர்கள் தம் குழந்தைகளை அங்கே அழைத்துச் சென்று, நடுவில் வெறுமையாக இருக்கும் இடத்தைக் காட்டுவாராக.

மூன்றாவது ஐதராபாத்துப் புளியமரம். 1908 செப்டம்பர் 28 அன்று மூசி ஆறு பெருகி நகரத்தை அழித்தபொழுது, அப்சல்கஞ்சில் கரையருகே நின்ற ஒரு புளியமரத்தில் ஏறி ஏறத்தாழ 150 பேர் உயிர் பிழைத்தனர். பிற்காலத்து உஸ்மானியா மருத்துவமனை வளாகத்துள் அம்மரம் பேணப்பட்டு வருகிறது. ஆண்டுதோறும் அந்நாளில் மக்கள் அங்கே கூடி நினைவு கூர்கின்றனர். முதுமை மட்டுமே மரத்தை அகற்றக் காரணமாகாது என்பது இதன் பாடம். உறுதியாக நிற்கும் முதுமரத்தைக் காப்பதும், ஆபத்தாகிவிட்ட மரத்தை இறக்குவதும் ஒரே அன்பின் இரு செயல்கள்.

சட்டமும் இதில் இடம் பெறுகிறது. என் வீடு, என் கொல்லை, என் மரம் என்று எண்ணிக் கோடரி எடுக்கும் காலம் இப்பொழுது இல்லை. மகாராட்டிர நகரங்களில் 1975-ஆம் ஆண்டுச் சட்டமும், கருநாடகத்தில் 1976-ஆம் ஆண்டுச் சட்டமும், தில்லியில் 1994-ஆம் ஆண்டுச் சட்டமும் தனியார் நிலத்து மரத்தையும் இசைவின்றி வெட்டலாகாது என விதிக்கின்றன. ஆந்திரத்தில் 2002-ஆம் ஆண்டு நீர், நிலம், மரங்கள் பற்றிய சட்டம் வந்தது. மக்கள் அதனை வால்டா சட்டம் என்பர். காளஹஸ்தியில் மரம் இறக்குவோர் உரிய அதிகாரியிடம் எழுத்து மூலம் இசைவு பெறுதல் வேண்டும். மரத்தின் நிழற்படம், அதன் நிலை, வீட்டுக்கும் அண்டை வீட்டுக்கும் உள்ள தூரம் ஆகியவற்றை விண்ணப்பத்தோடு சேர்த்தல் நலம். சேஷாசல மலைப்பகுதிக்கே உரிய செம்மரம் கொல்லையில் நின்றால், வனத்துறையின் தனி இசைவின்றி அதன் ஒரு கட்டையையும் வண்டியேற்றலாகாது. தொலைவிலிருந்து ஒருவர் பேச்சை நம்பி உத்தரவிடும் பங்காளி, இத்தாள்களைத் தாமே கண்ணால் கண்டபின் உத்தரவிடுவது நன்று.

பெருமரத்தை இறக்குதல் பழகிய கையின் வேலை. கோடை முடிந்து காற்றும் மழையும் தொடங்குமுன் அதனைச் செய்து முடிப்பது முறை. ஐப்பசி கார்த்திகை மழையில் மண் ஊறிவிட்டால், அழுகிய வேர் மரத்தைத் தாங்காது; 2021 நவம்பரில் திருப்பதி வட்டாரத்தில் கொட்டிய பெருமழையை அங்குள்ளோர் அறிவர். வீடுகள் நெருங்கிய இடத்தில் மரத்தை அடியோடு சாய்த்தல் கூடாது. உச்சியிலிருந்து ஒவ்வொரு கிளையாகக் கயிறு கட்டி, மெல்ல இறக்கி வருதல் வேண்டும். மின்கம்பி அருகிருந்தால் மின்வாரியத்தார் இணைப்பைத் துண்டித்த பின்னரே மரமேறுதல் தகும். உளுத்த கிளை ஆளைத் தாங்காது. அத்தகைய மரத்தில் ஏறாமல், ஏணி பொருத்திய வண்டியிலிருந்து அறுப்பதே காப்பு. இறுதியில் அடிமரத்தைச் சாய்க்கும்பொழுது, சாய வேண்டிய பக்கத்தில் முதலில் ஆப்பு வடிவாக வாய் வெட்டி, பின் எதிர்ப்பக்கத்தில் சற்று மேலே அறுப்பர். இடையில் விடும் சிறு பகுதி கதவின் கீல் போல மரத்தைத் திசைமாறாமல் சாய்க்கும். இவ்வேலை செய்வோர் உயிரைப் பணயம் வைப்பவர். கூலி குறைவாகக் கேட்டார் என்பதற்காகக் கயிறும் கருவியுமின்றி வருவோரை ஏற்றிவிட்டு, ஏதேனும் நேர்ந்தபின் வருந்துதல் அறமாகாது.

இறக்கிய மரம் வீணாவதில்லை. நல்ல புளியின் வைரம் உலக்கைக்கும், செக்குக்கும், கொட்டாப்புளிக்கும் உதவியது. வேம்பின் பலகையைப் பூச்சி எளிதில் அரிப்பதில்லை. கதவுக்கும் பெட்டிக்கும் அது ஏற்றது. முதிர்ந்த தென்னை உத்தரமாகும். காளஹஸ்தியில் இதற்கு இன்னும் நுட்பமான பயன் ஒன்று உண்டு. அவ்வூரின் கலம்காரித் துணி ஓவியம் உலகறிந்தது. 1950-களின் பிற்பகுதியில் கமலாதேவி சட்டோபாத்தியாயரின் முயற்சியால் அங்கே பயிற்சி நிலையம் அமைந்து, அருகி வந்த அக்கலை மீண்டும் தழைத்தது. கடுக்காய்ச் சாற்றிலும் பாலிலும் தோய்த்துக் காயவைத்த துணியில், ஓவியர் முதன்முதல் இழுக்கும் கோடு புளியங்குச்சியைச் சுட்ட கரியினால் ஆனது. அதன்மேல்தான் மூங்கிற் கலம் கொண்டு, இரும்பும் வெல்லமும் ஊறிய கருஞ்சாயத்தால் நிலையான கோடு வரைவர். இராமனும் சீதையும் கண்ணப்பரும் அக்கரிக்கோட்டிலிருந்தே தோன்றுகின்றனர். பட்டுப்போன புளியின் சிறுகுச்சியும் அவ்வூரில் ஓர் ஓவியத்தின் தொடக்கமாகலாம்.

அடிவேரைத் தோண்டிய குழியில் உடனே கட்டடம் எழுப்புதல் கூடாது. மண்ணுக்குள் எஞ்சிய வேர்கள் உளுத்துக் குழியும்; தரை அமிழும்; கரையானும் வீட்டை நாடும். வேரைக் கூடியமட்டும் எடுத்து, மண்ணிட்டு நிரப்பி, இரண்டொரு மழையில் அது இறுகிய பின்னரே அவ்விடத்தில் எதனையும் செய்தல் நன்று. பூஞ்சையால் மாண்ட மரத்தின் குழியிலேயே அதே இன மரத்தை நடாமல், சிறிது விலகி நடுதல் வேண்டும்.

நடுவதை மரம் வெட்டிய பின்னர் என்று ஒத்திவைத்தலே நம்மிடமுள்ள பெருங்குறை. மரம் தளர்ந்தது எனக் கேட்ட அன்றே அதன் காயைப் பறித்து விதை எடுக்கச் சொல்ல வேண்டும். ஒட்டு மாவாயின் விதையில் அதே சுவை வாராது. உயிருள்ள கிளை ஒன்று எஞ்சியிருக்கும்பொழுதே ஒட்டுக் கட்டச் சொல்ல வேண்டும். அக்கன்றை ஊரில் ஒன்றாகவும், நாம் வாழும் ஊரில் ஒன்றாகவும் வளர்க்கலாம். பெங்களூரில் சிறு முற்றமும், தில்லியில் பள்ளி வளாகமும், கல்கத்தாவில் தமிழ்ச் சங்கத்தின் ஓர் ஓரமும் அதற்குப் போதும். எந்த மாநிலத்து மண் என்று விதை பார்ப்பதில்லை.

இறுதியாக நன்னன் கதைக்கு வருவோம். தொலைவில் வாழும் நமக்குக் கொல்லை மரம் ஒரு நினைவு. அதன் கீழ்க் கட்டிய தூளியும், அங்கே பாட்டி உலர்த்திய வடகமும் நம் கண்முன் நிற்கின்றன. நிற்கட்டும். ஆனால் அந்த மரத்தின் கீழ் இன்றிரவு உறங்குபவர் வேறொருவர். அவர் வாடகைக்குக் குடியிருப்பவராகலாம். வீட்டைக் காத்துவரும் முதிய அத்தையாகலாம். சுவருக்கு அப்பால் வாழும் அண்டை வீட்டுக் குழந்தையாகலாம். நினைவு நம்முடையது, ஆபத்து அவர்களுடையது. நம் நினைவைக் காக்க அவர்கள் தலைமேல் உளுத்த கிளையைத் தொங்கவிடுதல், கனியின் பொருட்டுப் பெண்ணைக் கொன்றவன் செயலுக்கு எத்துணைத் தொலைவில் உள்ளது என்பதை ஒவ்வொருவரும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

ஆகவே, ஊரிலிருந்து அச்செய்தி வரும்பொழுது, அடுத்த விடுமுறையில் பார்ப்போம் என்று மறுமொழி எழுதாதிருப்போமாக. மரமறிந்த ஒருவரைக் கொண்டு முதலில் பார்க்கச் செய்வோம். பிழைக்குமாயின் பிழைப்பிப்போம்; வேரைச் சுற்றிய சிமெண்டை உடைத்து மண்ணுக்கு மூச்சு விடுவோம். பிழைக்காதாயின் விதை எடுப்போம், இசைவு பெறுவோம், மஞ்சள் குங்குமம் இட்டு, பறவைகளுக்கு ஒருநாள் தவணை கொடுத்து, முறைப்படி இறக்குவோம். புதுக்கன்று துளிர்விடும் நாளில் பங்காளிகள் நால்வரும் கூடி அதற்கு ஒரு குடம் நீர் ஊற்ற இயலுமாயின், பாட்டனார் நட்ட மரம் அக்கொல்லையைவிட்டுப் போகவில்லை என்றே கொள்ளலாம்.